சாட்சியின் பெயரை அஞ்சலட்டையில் எழுதி அனுப்பாதீர்கள்

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தம் 2016 சனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. 15ஏ என்ற பிரிவு அதில்தான் சேர்ந்தது. பாதிக்கப்பட்டவர்களின் உரிமைகள், சாட்சிகளின் உரிமைகள் என்று தனி அத்தியாயமே அதற்கு உண்டு. சாட்சிகளின் பெயரையும் முகவரியையும் உத்தரவுகளிலும் தீர்ப்புகளிலும் பொதுமக்கள் பார்க்கக்கூடிய வழக்கு ஆவணங்களிலும் மறைத்து வைக்க அந்தப் பிரிவு நீதிமன்றத்துக்கு அதிகாரம் கொடுக்கிறது. பல பத்தாண்டுகள் போராடிப் பெற்ற உரிமை இது.

சரி, நீதிமன்றம் மறைக்க வேண்டும் என்று கேட்கிற நாம் என்ன செய்கிறோம்? உண்மை அறியும் குழு ஊருக்குப் போய்த் திரும்புகிறது. யார் என்ன பார்த்தார், யார் சொல்லப் பயப்படுகிறார், எந்தத் தெருவில் எந்த வீடு, கைப்பேசி எண் என்ன என்று பத்துப் பக்க அறிக்கை தயாராகிறது. அதைச் சாதாரண மின்னஞ்சலில் இணைத்துப் பதினைந்து பேருக்கு அனுப்பி வைக்கிறோம். அந்தப் பதினைந்து பேரின் அஞ்சல் பெட்டிகளிலும் அது ஆண்டுக்கணக்கில் கிடக்கிறது. சாதி மறுப்புத் திருமணம் செய்து ஒளிந்திருக்கும் இணையரின் முகவரியையும் அப்படித்தான் அனுப்புகிறோம்.

கடந்த சில ஆண்டுகளாக இயக்கத் தோழர்களின் மடிக்கணினிகளில் மின்னஞ்சல் மறையாக்க மென்பொருளை நிறுவிக் கொடுத்து வருகிறேன். போகிற இடமெல்லாம் ஒரே பதில்தான் முதலில் வரும். "நம்மகிட்ட மறைக்க என்ன இருக்கு தோழர்? நாம வெளிப்படையா இயங்குறவங்க." இந்தப் பதிலை எதிர்த்துத்தான் இந்தக் கட்டுரை.

வெளிப்படையாக இயங்குவது நம் கொள்கை. அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த அறிக்கையில் இருக்கும் பெயர் நம்முடையது அல்ல. அதை வெளிப்படுத்தும் உரிமை நமக்கு யார் கொடுத்தது? கூட்டம் முடிந்ததும் நாம் பேருந்து ஏறி நகரத்துக்கு வந்துவிடுகிறோம். சாட்சி அதே ஊரில், அதே ஆதிக்க சாதிக்காரரின் நிலத்தில் வேலை கேட்டு, அதே ரேஷன் கடை வரிசையில் நிற்க வேண்டும். சாதிக் கொலை வழக்குகள் எங்கே உடைகின்றன என்று நமக்குத் தெரியாதா? கோகுல்ராஜ் கொலை வழக்கில் முக்கியமான சாட்சி பிறழ்சாட்சியானதை நாடே பார்த்தது. 2015இல் நடந்த கொலைக்கு 2022இல் தண்டனை கிடைக்க எவ்வளவு பாடுபட வேண்டியிருந்தது! சாட்சிதான் வழக்கு. சாட்சியின் பெயர் என்பது நம்மிடம் நம்பிக் கொடுக்கப்பட்ட பொருள். "எனக்கு மறைக்க ஒன்றுமில்லை" என்று சொல்பவர் அடுத்தவரின் பாதுகாப்பைத் தன் பெருமைக்காகச் செலவழிக்கிறார்.

யார் படிக்கப் போகிறார்கள்?

உளவுத்துறையை மட்டும் நினைத்துக்கொண்டு, "அவன் நினைச்சா எப்படியும் படிச்சிடுவான்" என்று கைகழுவுவது இன்னொரு வழக்கம். நம் கடிதத்தைப் படிக்க டெல்லியிலிருந்து ஆள் வர வேண்டியதில்லை.

ஆட்சியர் அலுவலகத்துக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடையை நினைத்துப் பாருங்கள். மனு தட்டச்சு ஆவது அங்கே. ஸ்கேன் ஆவது அங்கே. பல நேரம் அனுப்பப்படுவதும் கடைக்காரரின் மின்னஞ்சலிலிருந்துதான். அந்தக் கோப்பு அந்தக் கணினியில் அப்படியே கிடக்கும். கடைக்காரர் எந்தச் சாதி, யாருக்கு மாமன், யாருக்கு மச்சான் என்று ஊருக்குத் தெரியும். பலருடைய ஜிமெயில் கணக்கைத் திறந்து கொடுத்ததே ஒரு பிரவுசிங் சென்டர் பையன்தான். கடவுச்சொல் அவனுக்குத் தெரியும். கணக்கை மீட்பதற்கான கைப்பேசி எண்ணும் சில நேரம் அவனுடையதாகவே இருக்கும்.

இன்றைக்கு மின்னஞ்சல் வழியில் போகும்போது பெரும்பாலும் பாதுகாப்பாகவே போகிறது. சிக்கல் அது போய்ச் சேர்ந்த பிறகு. அனுப்பியவர் பெட்டியிலும் பெற்றவர் பெட்டியிலும், சேவை தரும் நிறுவனத்தின் சர்வரிலும் அது யாரும் படிக்கும் எழுத்தாகக் கிடக்கிறது. கடவுச்சொல் ஒன்று கசிந்தால் ஐந்து ஆண்டுக் கடிதங்களும் ஒரே நாளில் கையை விட்டுப் போகும். மறையாக்கம் செய்த கடிதமோ, கடவுச்சொல் போனாலும் அர்த்தமில்லாத எழுத்துக் குவியலாகத்தான் தெரியும். திறப்பதற்கான தனிச் சாவி அந்தப் பெட்டியில் இல்லை. உங்கள் மடிக்கணினியில் இருக்கிறது.

மறையும் மறையாக்கமும்

வேதத்துக்குத் தமிழில் மறை என்று ஒரு பெயர் உண்டு. அந்த மறையைச் சூத்திரன் காதால் கேட்டால் காதில் ஈயத்தை ஊற்று என்றது கௌதம தர்மசூத்திரம். அறிவு என்பதே சிலருக்கு மட்டும் என்று பூட்டி வைத்த மறை அது. மறையாக்கம் என்றதும் நம் தோழர்களில் சிலருக்கு வரும் ஒவ்வாமைக்கு இந்த வரலாறும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ரகசியம் என்றாலே ஆதிக்கத்தின் வாடை அடிக்கிறது.

ஆனால் இந்த மறையாக்கத்தின் அடிப்படை விதி நேர் எதிரானது. 1883இல் ஆகஸ்ட் கெர்க்காஃப்ஸ் என்பவர் எழுதி வைத்தார்: முறை எதிரியின் கையில் கிடைத்தாலும் சிக்கல் வரக்கூடாது, சாவி மட்டுமே ரகசியமாக இருக்க வேண்டும். அதனால்தான் ஓபன் பிஜிபி முறை எப்படி வேலை செய்கிறது என்பது உலகம் முழுக்கத் திறந்து கிடக்கிறது. யாரும் படிக்கலாம், யாரும் குறை கண்டுபிடிக்கலாம். ஒவ்வொருவரின் சாவி மட்டும் அவரவருக்கு. அந்த மறை முறையையே பூட்டியது. இந்த மறையாக்கம் முறையை ஊருக்கே கொடுத்துவிட்டது.

கொடுத்துவிட்டது என்றேனே, அதுவும் சும்மா நடக்கவில்லை. பொதுச் சாவி என்ற கருத்தைப் பிரித்தானிய உளவு அமைப்பில் வேலை பார்த்த ஜேம்ஸ் எல்லிஸ், கிளிஃபோர்ட் காக்ஸ் போன்றவர்கள் 1970களின் தொடக்கத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். அரசு அதை 1997 வரை வெளியே சொல்லவில்லை. 1976இல் விட்ஃபீல்ட் டிஃபி, மார்ட்டின் ஹெல்மேன் இருவரும் தாங்களாகவே அதைக் கண்டடைந்து வெளிப்படையாக அச்சிட்டார்கள். 1991இல் அணு ஆயுத எதிர்ப்பு இயக்கத்தில் இருந்த பில் சிம்மர்மேன், பிஜிபி என்ற மென்பொருளை எழுதிச் சாதாரண மக்கள் கையில் கொடுத்தார். வலுவான மறையாக்கத்தை ஆயுதப் பட்டியலில் வைத்திருந்த அமெரிக்க அரசு அவர் மீது குற்ற விசாரணை நடத்தியது. 1996 தொடக்கத்தில்தான் அதைக் கைவிட்டது. 1999இல் ஜெர்மனியைச் சேர்ந்த வெர்னர் கோக் எழுதிய குனு பிஜியின் முதல் முழுப் பதிப்பு வந்தது. யாரும் காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம், மூல நிரலைப் படிக்கலாம், மாற்றலாம்.

பூட்டி வைத்த அறிவை உடைத்து வெளியே கொண்டுவந்த கதை இது. படிப்புரிமைக்குப் போராடிய மரபில் வந்த நாம் இதை "ஐடிகாரன் சமாச்சாரம்" என்று ஒதுக்குவது எந்த வகையில் நியாயம்?

பொதுச் சாவி என்பது பூட்டு

பெயரே குழப்பும். பொதுச் சாவி என்பதைச் சாவி என்று நினைக்காதீர்கள். அது திறந்த நிலையில் இருக்கும் ஒரு பூட்டு. அந்தப் பூட்டை ஆயிரம் படி எடுத்து ஊருக்கெல்லாம் கொடுக்கலாம். யார் வேண்டுமானாலும் கடிதத்தைப் பெட்டியில் வைத்து அந்தப் பூட்டைப் போட்டு உங்களுக்கு அனுப்பலாம். பூட்டியவரால்கூட மறுபடி திறக்க முடியாது. திறக்கும் தனிச் சாவி உங்களிடம் மட்டும். இதுதான் மொத்தத் தத்துவமும்.

நிறுவுவது ஒரு மணி நேர வேலை. தண்டர்பேர்டு என்ற இலவச அஞ்சல் மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். 2020இல் வந்த 78ஆம் பதிப்பிலிருந்து இந்த வசதி அதற்குள்ளேயே இருக்கிறது. அதற்கு முன்பெல்லாம் எனிக்மெயில், குனு பிஜி என்று தனித்தனியாக நிறுவி மல்லுக்கட்ட வேண்டும். உங்கள் மின்னஞ்சல் கணக்கை அதில் இணையுங்கள். கணக்கு அமைப்புகளில் முனைக்கு முனை மறையாக்கம் என்ற பகுதிக்குப் போய்ப் புதிய சாவியை உருவாக்கச் சொல்லுங்கள். காலாவதித் தேதி கேட்கும். மூன்று ஆண்டு போதும், பிறகு நீட்டிக்கலாம்.

இந்த இடத்தில் மூன்று வேலைகளைத் தவறாமல் செய்ய வேண்டும். ஒன்று, தண்டர்பேர்டுக்கு முதன்மைக் கடவுச்சொல் வையுங்கள். அது இல்லாவிட்டால் மடிக்கணினியைத் திறந்தவன் எவனும் உங்கள் கடிதங்களைத் திறந்துவிடுவான். இரண்டு, தனிச் சாவியைக் கடவுச்சொல் போட்டுப் பென்டிரைவில் படி எடுத்து வேறு இடத்தில் வையுங்கள். சாவி தொலைந்தால் பழைய கடிதங்களை யாராலும் மீட்க முடியாது. மூன்று, பொதுச் சாவியை மட்டும் ஏற்றுமதி செய்து தோழர்களுக்கு அனுப்புங்கள். அவசரத்தில் தனிச் சாவியைச் சேர்த்து அனுப்பிவிடாதீர்கள்.

சாவி யாருடையது?

உண்மையான வேலை இங்கேதான் தொடங்குகிறது. அடுத்தவருக்கு எழுத அவருடைய பொதுச் சாவி வேண்டும். எங்கே கிடைக்கும்? அவரே அனுப்பலாம். இல்லையென்றால் சாவி சர்வர்களில் தேடலாம். தண்டர்பேர்டின் சாவி மேலாளரிலேயே, மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்து இணையத்தில் தேடும் வசதி இருக்கிறது. முகவரியைப் போடுகிறோம், சாவி வந்து விழுகிறது, மகிழ்ச்சியாகப் பூட்டி அனுப்புகிறோம்.

நில்லுங்கள் தோழர். வந்து விழுந்த பூட்டு அவருடையதுதானா?

பழைய சாவி சர்வர்களில் யார் வேண்டுமானாலும் யார் பெயரிலும் சாவியை ஏற்றலாம். சரிபார்க்க ஆள் கிடையாது. அம்பேத்கர் பெயரிலும் ஏற்றலாம், உங்கள் வழக்கறிஞர் பெயரிலும் ஏற்றலாம். ஏற்றியதை அழிக்கவும் முடியாது. ஒருவர் சாவிக்கு இன்னொருவர் "இது இவருடையதுதான், நான் சாட்சி" என்று கையொப்பமிட்டுப் பொதுவில் ஏற்றும் பழக்கமும் அங்கே இருந்தது. நம்பிக்கை வலைப்பின்னல் என்று அதற்குப் பெயர். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் யாருக்கு யாரைத் தெரியும் என்ற வரைபடத்தை நாமே வரைந்து உலகத்தின் சுவரில் ஒட்டுவதுதான் அது. ஒரு இயக்கம் இதைச் செய்யலாமா? 2019 சூனில் இரண்டு நிரலாளர்களின் சாவிகள் மீது யாரோ பல்லாயிரக்கணக்கான போலிக் கையொப்பங்களைக் கொட்டினார்கள். அந்தச் சாவியை இறக்கிய மென்பொருள்கள் திணறி நின்றன. அந்த ஏற்பாட்டின் ஓட்டை அன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்தது.

அதே மாதம் தொடங்கப்பட்ட கீஸ் டாட் ஓபன்பிஜிபி டாட் ஓஆர்ஜி என்ற சர்வர் கொஞ்சம் மேல். முகவரிக்கு ஒரு அஞ்சல் அனுப்பி, அந்தப் பெட்டியைத் திறக்கக்கூடியவர்தான் சாவியை ஏற்றினாரா என்று பார்த்த பிறகே முகவரியோடு காட்டும். முகவரியை நீக்கவும் விடும். ஆனால் பெட்டியைத் திறக்கக்கூடியவர் யார்? கடவுச்சொல் தெரிந்த பிரவுசிங் சென்டர் பையனும் திறக்கலாம் அல்லவா?

ஆகவே சர்வர் சாவியைத் தரும், உண்மையைத் தராது. உண்மையை நாம்தான் சரிபார்க்க வேண்டும். ஒவ்வொரு சாவிக்கும் விரல்ரேகை என்று ஒன்று இருக்கிறது. இப்போது பரவலாக இருக்கும் சாவிகளுக்கு அது 40 எழுத்து, நான்கு நான்காகப் பத்துக் கூறு. அதை நேரில் ஒப்பிடுங்கள். முடியாவிட்டால் குரல் தெரிந்தவரைக் கைப்பேசியில் அழைத்துப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். சாவியை அனுப்பிய அதே மின்னஞ்சலிலேயே விரல்ரேகையையும் கேட்டு வாங்குவதில் பயனில்லை. பொய்ச் சாவி அனுப்பியவன் பொய் ரேகையும் அனுப்புவான். தண்டர்பேர்டு கேட்கும்: இந்தச் சாவியை ஏற்கிறீர்களா, சரிபார்க்காமல் ஏற்கிறீர்களா, நேரில் சரிபார்த்து ஏற்கிறீர்களா? பலரும் சரிபார்க்காமலே மூன்றாவதைச் சொடுக்குவதை நான் பார்த்திருக்கிறேன். அது கணினிக்குச் சொல்லும் பொய் அல்ல, சாட்சிக்குச் செய்யும் துரோகம்.

நமக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. நாம் நேரில் சந்திக்கிறவர்கள். ஏப்ரல் 14, செப்டம்பர் 17, டிசம்பர் 6 என்று ஆண்டுக்குப் பல முறை ஒரே இடத்தில் கூடுகிறவர்கள். கூட்டம் தொடங்கும் முன் பத்து நிமிடம் ஒதுக்கினால் ஐம்பது பேர் விரல்ரேகையை ஒப்பிட்டுவிடலாம். எந்தப் பெரிய நிறுவனத்தாலும் தர முடியாத நம்பிக்கை அது.

பூட்டு மட்டுமல்ல, முத்திரையும்

பீமா கோரேகான் வழக்கை இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அந்த வழக்கில் சிறை வைக்கப்பட்ட ரோனா வில்சனின் கணினியை ஆராய்ந்த அமெரிக்காவின் ஆர்சனல் கன்சல்டிங் நிறுவனம் 2021 பிப்ரவரியில் அறிக்கை தந்தது. 22 மாதங்களுக்கு மேல் அந்தக் கணினி வெளியாள் ஒருவரின் கட்டுப்பாட்டில் இருந்தது, ஆவணங்கள் உள்ளே வைக்கப்பட்டன என்றது அந்த அறிக்கை. தேசியப் புலனாய்வு முகமை இதை மறுக்கிறது. நான் இங்கே பார்க்கச் சொல்வது தொடக்கத்தை. 2016 சூன் 13 அன்று வரவர ராவின் மின்னஞ்சல் கணக்கிலிருந்து ஒரு கடிதம் வந்தது. இணைப்பைத் திறக்கச் சொன்னது. வேறு யாரோ அந்தக் கணக்கைப் பயன்படுத்தியிருந்தார்கள் என்கிறது அறிக்கை. தெரிந்த தோழரின் பெயர், தெரிந்த முகவரி. யாராக இருந்தாலும் திறந்திருப்பார்கள்.

மறையாக்க மென்பொருளுக்கு இன்னொரு வேலை உண்டு: கையொப்பம். தனிச் சாவியால் கடிதத்தின் மீது முத்திரை குத்தினால், பொதுச் சாவி வைத்திருப்பவர் அது உண்மையா என்று நொடியில் பார்த்துவிடலாம். கணக்கின் கடவுச்சொல்லைத் திருடியவனிடம் தனிச் சாவி இருக்காது. எப்போதும் முத்திரையோடு எழுதும் தோழரிடமிருந்து முத்திரையில்லாமல் ஒரு இணைப்பு வந்தால், திறக்காதே, அழைத்துக் கேள் என்று அதற்குப் பொருள். கணினியே ஏற்கனவே எதிரியின் பிடியில் இருந்தால் சாவியும் அவன் கைக்குப் போகும் என்பதை மறைக்க மாட்டேன். மறையாக்கம் கவசம், மருந்து அல்ல. நோய் வரும் வாசலில் ஒன்றை அது அடைக்கிறது.

"டெக்னிக்கல் தோழர்" என்ற சாதி

இனி நம் வீட்டுக்குள் இருக்கும் சிக்கல். ஒவ்வொரு அமைப்பிலும் ஒரு "டெக்னிக்கல் தோழர்" இருக்கிறார். பெரும்பாலும் நகரத்தில் பொறியியல் படித்த ஆண். எல்லோருடைய கடவுச்சொல்லும் அவரிடம். தனிச் சாவிகளையும் அவரே உருவாக்கி அவரே வைத்துக்கொள்கிறார். ஊருக்குள் போய் வாக்குமூலம் வாங்கும் பெண் தோழருக்கோ சொந்தச் சாவி இல்லை. "அதெல்லாம் உங்களுக்குப் புரியாது, என்கிட்ட குடுங்க." இந்த வாக்கியத்தை நாம் இதற்கு முன் எங்கே கேட்டிருக்கிறோம்? சாதி வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்கிறவர்களையே பிரித்து அடுக்குவது என்று அம்பேத்கர் சொன்னதை மேடையில் பேசிவிட்டு, கீழே இறங்கியதும் கணினிக்கு ஒரு புரோகிதரை நியமிப்பது என்ன நியாயம்? அடுத்தவர் வைத்திருக்கும் தனிச் சாவி தனிச் சாவியே அல்ல.

கடினமாக இருக்கிறது என்பது உண்மைதான். 1999இல் ஆல்மா விட்டன், டைகர் இருவரும் பிஜிபி மென்பொருளை 12 பேரிடம் கொடுத்து 90 நிமிடம் தந்தார்கள். மூன்றில் ஒரு பங்கினர்தான் சரியாகச் செய்தார்கள். மூன்று பேர் ரகசியத்தைப் பூட்டாமலே அனுப்பிவிட்டார்கள். 2012 டிசம்பரில் எட்வர்ட் ஸ்னோடன் முதலில் எழுதியது கிளென் கிரீன்வால்டு என்ற பத்திரிகையாளருக்கு. பிஜிபி நிறுவுங்கள் என்று கேட்டார். அவர் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தார். ஸ்னோடன் லாரா பாய்ட்ரஸிடம் போனார், அவருக்கு ஏற்கனவே தெரிந்திருந்தது. புகழ்பெற்ற பத்திரிகையாளரே தடுமாறினார் என்றால் குறை மனிதரிடம் இல்லை, மென்பொருளைச் செய்தவர்களிடம் இருக்கிறது. வழிகாட்டிகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில். சொந்தக் கணினி உள்ளவருக்காகவே எழுதப்பட்டவை. இதைத் திட்டுவோம், திட்ட வேண்டும். ஆனால் திட்டிவிட்டுச் சும்மா இருப்பவரைவிட, தமிழில் ஒரு பக்கக் குறிப்பு எழுதி அச்சிட்டுக் கொடுப்பவர் மேல்.

சிக்னல் போதாதா என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பேச்சுக்குச் சிக்னல் நல்லது, பயன்படுத்துங்கள். ஆனால் வழக்கறிஞர், ஆணையம், பத்திரிகை என்று ஆவணங்கள் போய் வரும் பாதை இன்னும் மின்னஞ்சல்தான். அங்கே பூட்டு வேண்டும். அந்தப் பூட்டின் எல்லைகளும் தெரிந்திருக்க வேண்டும். யார் யாருக்கு எப்போது எழுதினார் என்பதை அது மறைக்காது. கடிதத்தின் தலைப்பும் பல மென்பொருள்களில் வெளியே தெரியும். எனவே தலைப்பில் ஊர்ப் பெயரை எழுதாதீர்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஆவது பிரிவு, திறந்து காட்டச் சொல்லி உத்தரவிட அரசுக்கு அதிகாரம் தருகிறது. மறுத்தால் ஏழு ஆண்டு வரை சிறை. 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்த பிறகும் அந்தப் பிரிவு இருக்கிறது. அதை எதிர்ப்பது அரசியல் வேலை. மென்பொருள் அதைச் செய்யாது.

ஜெராக்ஸ் கடையிலிருந்து மனு அனுப்பும் அக்காவிடம் போய்ச் சாவி உருவாக்கச் சொல்ல முடியாது. சொல்லவும் கூடாது. அவர் சொன்னதை எழுதிக்கொள்ளும் நம் கையிலிருந்துதான் பொறுப்பு தொடங்குகிறது. ஆகவே என் கோரிக்கை எளிமையானது. களத்துக்குப் போகும் ஒவ்வொரு தோழரிடமும் அவரே உருவாக்கிய, அவர் மட்டுமே வைத்திருக்கும் தனிச் சாவி இருக்க வேண்டும். விரல்ரேகைகள் நேரில் ஒப்பிடப்பட்டிருக்க வேண்டும். சாட்சியின் பெயர் உள்ள எந்தக் கோப்பும் பூட்டாமல் போகக்கூடாது. இந்த மூன்றும் முடியும்வரை அடுத்த உண்மை அறியும் குழு பேனா நோட்டோடு போகட்டும். பெயர்கள் நோட்டிலேயே இருக்கட்டும்.